கூலியில் குறைத்தால் செய்வது என்ன?

பூட்டை உடைத்து வீட்டில் புகுந்து 40 ரூபாயை எடுத்துப் போகிறவனைத் திருடன் என்கிறோம். ஆலையொன்றில் 100 பேருக்கு, ஆளுக்கு 40 ரூபாய் வீதம், நாள்தோறும் கூலியில் குறைத்துக் கொடுப்பவரை முதலாளி என்கிறோம்; அதனால் எழும் முணுமுணுப்பைச் 'சம்பளத் தகராறு' என்கிறோம். தகராறு என்ற சொல்லிலேயே ஒரு சூது இருக்கிறது. இரு கட்சியிலும் ஏதோ நியாயம் இருக்கக்கூடும், அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும், நமக்கென்ன என்று பொதுஜனங்கள் ஒதுங்கி நிற்க அந்தச் சொல் இடங்கொடுக்கிறது. கூலியை உயர்த்த வேண்டுமென்று கேட்பது தகராறுதான்; அதில் இரு கட்சிக்கும் பேச இடமுண்டு. ஆனால் பேசி ஒப்புக்கொண்ட கூலியையோ, சர்க்கார் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலியையோ முழுதும் கொடாமல் நிறுத்திக்கொள்வது தகராறு ஆகாது. அது செலுத்தப்படாத கடன். கடன்பட்டவர் முதலாளி, கடன் கொடுத்தவர் தொழிலாளி. மாதம் முழுதும் தம் உழைப்பை முன்னதாகக் கொடுத்துவிட்டுப் பிறகு கூலிக்குக் காத்து நிற்பவர் அவரே அல்லரோ?

நம் நாட்டுச் சட்டம் இந்தக் கடனை வெகுகாலமாகவே ஒப்புக்கொண்டிருக்கிறது. கூலியைக் காலத்தில் கொடுக்க வேண்டும், கண்டபடி பிடித்தம் செய்யலாகாது என்று 1936-ல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. தேசம் விடுதலை பெற்ற அடுத்த வருஷமே, 1948-ல், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. இவ்விரண்டையும் வேறு இரண்டையும் ஒன்றாய்த் திரட்டி 2019-ல் பார்லிமெண்டு நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு, ஆறு வருஷம் உறங்கிக் கிடந்து, 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்தது. அதற்கு முன் 24,000 ரூபாய்க்கு மேல் மாதச் சம்பளம் பெறுவோர் 1936-ம் வருஷத்துச் சட்டத்தின் துணையை நாட இயலாது. இப்போது அந்த வரம்பு இல்லை. ஆகவே இது கூலிக்காரர் விஷயம், நமக்குச் சம்பந்தமில்லை என்று மேஜை முன் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தாக்கள் யாரும் பத்திரிகையை மடித்து வைக்க வேண்டியதில்லை.

சட்டம் சொல்வது சுருக்கமானது. மாதச் சம்பளக்காரருக்கு அடுத்த மாதம் 7-ந் தேதிக்குள் சம்பளம் கைக்கு வரவேண்டும். வாரக் கூலிக்காரருக்கு வார விடுமுறைக்கு முந்திய வேலை நாளில். தினக் கூலிக்காரருக்கு அன்றன்று வேலை முடிந்ததும். வேலையினின்று நீக்கப்பட்டவருக்கும், தாமே விலகியவருக்கும், இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்குத் தீர்க்க வேண்டும். பிடித்தங்கள் இன்னின்ன என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. எல்லாம் சேர்ந்தும் சம்பளத்தில் பாதியைத் தாண்டலாகாது. அபராதம் நூற்றுக்கு 3-க்கு மேல் போகலாகாது. குறித்த நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி. அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிப் படிகளை ஊத வைத்து, சம்பளத்தை ஒட்டிக் கிடைக்கவேண்டிய பலன்களைக் கரைக்கும் தந்திரம் நம் கம்பெனிகளுக்குப் பழக்கமானது. விலக்கப்பட்ட படிகள் மொத்த ஊதியத்தில் பாதிக்கு மேற்போனால், மிஞ்சியதும் சம்பளமாகவே கருதப்படும் என்று புதுச் சட்டம் அதற்கும் ஒரு கடிவாளம் போட்டிருக்கிறது.

சட்டம் இவ்வளவு தெளிவாயிருந்தும் கூலி குறைவது ஏன்? இதை விளங்கிக்கொள்ளத் தலைநகரத்தில் நடந்த ஒரு வழக்கை நினைவுபடுத்த விரும்புகிறோம்.

1982-ல் டெல்லியில் ஆசிய விளையாட்டுக்கள் நடைபெற்றன. அதற்காக மைதானங்களும் மேம்பாலங்களும் மாளிகைகளும் இரவு பகலாக எழும்பின. கட்டுவித்தது சர்க்கார், கட்டியவர்கள் கண்டிராக்டர்கள், கல்லும் மண்ணும் சுமந்தவர்கள் வெளி மாகாணங்களிலிருந்து வந்த ஏழைகள். அவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தபட்சக் கூலி 9 ரூபாய் 25 காசு. கண்டிராக்டர் அந்தத் தொகையைக் கொடுக்கத்தான் செய்தார். ஆனால் தொழிலாளி கையில் கொடுக்கவில்லை, ஆள் பிடித்து வந்த ஜமேதாரிடம் கொடுத்தார். ஜமேதார் ஆளுக்கு ஒரு ரூபாய் தமக்கு எடுத்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசு கொடுத்தார். ஸ்திரீகளுக்கு 7 ரூபாயே கிடைத்தது. ஒரு ரூபாய்தானே என்று நினைக்கலாம். ஒன்பதே கால் ரூபாயில் ஒரு ரூபாய் என்பது நூற்றுக்குப் பத்துக்கு மேல். அவ்வளவு வட்டி எந்த பாங்கியும் கொடுக்கத் துணியாது.

மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் என்ற ஸ்தாபனம் இதை விசாரித்தறிந்து, சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதிற்று. கடிதத்தையே மனுவாகக் கொண்டு கோர்ட்டு விசாரித்தது. அவர்கள் கண்டிராக்டரின் ஆட்கள், நம் ஆட்கள் அல்லர். இது கூலி பற்றிய சாதாரணச் சட்டமீறலே, இதில் அடிப்படை உரிமைக்கு என்ன வேலை என்று சர்க்கார் கட்சியில் வாதிக்கப்பட்டது. 1982 செப்டம்பர் 18-ந் தேதி தீர்ப்பு வெளியாயிற்று. வெட்டி வேலையையும் கட்டாய வேலையையும் தடுப்பது அரசியல் சட்டத்தின் 23-வது ஷரத்து. கையில் விலங்கு பூட்டி வேலை வாங்குவது மட்டுமே கட்டாயம் ஆகாது, பசியும் ஒரு கட்டாயமே, குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்றுக்கொண்டு ஒருவன் உழைக்கிறானென்றால் வறுமை அவனை நெட்டித் தள்ளுகிறது என்றே கொள்ளவேண்டும், ஆதலால் அது கட்டாய வேலையே என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். இந்த உரிமையைச் சர்க்காருக்கு எதிராக மட்டுமன்றித் தனிமனிதருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்றும் கூறினர். 'அவன்தான் சம்மதித்து வந்தானே' என்ற வாதத்துக்கு இதைவிடச் சரியான பதில் நமக்குத் தெரியவில்லை. இன்றைய சட்டமும் அதே வழியில் செல்கிறது: குறைந்த கூலிக்கு இணங்குகிறேன் என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் எதுவும் செல்லாது.

அந்த ஜமேதார் நமக்கு அந்நியர் அல்லர். நம்மவர் இவரைக் கங்காணி என்று அழைத்தனர். இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்கள் கங்காணிக்குப் பட்ட கடனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, அந்தத் துண்டோடு ஆளையும் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றிவந்த முறை 1921-ல்தான் ஒழிந்தது. அன்று கண்டிச் சீமையில் நம் மக்கள் நின்ற இடத்தில் இன்று திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் ஒரிஸ்ஸாக்காரரும் பிஹாரிகளும் நிற்கிறார்கள். பாஷை தெரியாது, ஊர் தெரியாது, ஆள் பிடித்தவரின் டெலிபோன் எண் ஒன்றே தெரியும். கூலி பாங்கிக் கணக்கில் முழுதாய் வரவாகும்; மறுநாள் மேஸ்திரி வந்து அதில் ஒரு பங்கைக் கையில் வாங்கிப்போவார். கணக்குப் புஸ்தகம் சுத்தமாயிருக்கும். பெண்பிள்ளைகளை விடுதியில் வைத்து, மூன்று வருஷம் முடிந்ததும் கல்யாணத்துக்கு மொத்தமாய்த் தருவோம் என்று சொல்லிக் கூலியை நிறுத்திவைத்த பஞ்சாலைத் திட்டத்துக்குச் 'சுமங்கலி' என்று பெயரிட்ட தமிழறிவை என்னென்பது!

இங்கே நம் ஜனங்களின் மனப்போக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. 1908 பிப்ரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது ஸ்ரீ சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவமும் முன்னின்றனர். ஊரார் துணை நின்றனர். ஆலை வெள்ளைக்காரருடையது. சில தினங்களில் நிர்வாகத்தார் இறங்கிவந்து கூலியை உயர்த்த இசைந்தனர். இன்று ஆலைகள் நம்மவருடையவை. முதலாளி கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை தருகிறார்; பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டித் தருகிறார்; மேடையில் நமக்குப் பக்கத்தில் வீற்றிருக்கிறார். அவர் ஆலையில் கூலி குறைகிறதென்றால் நாம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். அந்நியன் குறைத்தால் சுரண்டல், சுதேசி குறைத்தால் சிக்கனம் என்பது என்ன தர்மம்?

நிற்க. கூலியில் குறை கண்ட தொழிலாளி செய்யவேண்டுவது யாது?

முதலாவது, எவ்வளவு குறைந்தது என்பதைக் கணக்கிட வேண்டும். 'ஐயா, சரியாகக் கொடுக்கிறதில்லை' என்ற புலம்பல் எந்தக் கச்சேரியிலும் செல்லாது. வந்த நாள் எத்தனை, மேல்நேரம் எத்தனை மணி, கொடுக்கப்பட்டது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் அன்றன்று எழுதிவர வேண்டும். அந்தத் தொழிலுக்கும் அந்த வகுப்பு வேலைக்கும் சர்க்கார் நிர்ணயித்துள்ள கூலி எவ்வளவு, அதனோடு சேரும் பஞ்சப்படி எவ்வளவு என்பதைத் தொழிலாளர் இலாகாவில் கேட்டறியலாம். சம்பளச் சீட்டுக் கொடுப்பது முதலாளியின் கடமை. கேட்டு வாங்க வேண்டும்.

இரண்டாவது விஷயம் நுட்பமானது. வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். வழக்குத் தொடுத்தவனே தன் கட்சியை ருசுப்படுத்த வேண்டும் என்பது பொது விதி. கூலி வழக்கில் சட்டம் இதைத் தலைகீழாக்கியிருக்கிறது. கூலி வரவில்லை, குறைவாக வந்தது, அல்லது அக்கிரமமாய்ப் பிடித்தார்கள் என்று தொழிலாளி மனுச் செய்தால், கொடுத்தேன் என்று ருசுப்படுத்த வேண்டிய பாரம் முதலாளியின் தலையில் விழுகிறது. பெரிய அனுகூலம்! அதனாலேயே முதலாளியின் வக்கீல் கொடுத்ததைப் பற்றி வாதிக்க விரும்பமாட்டார். 'இந்த மனிதர் யாரென்றே எங்களுக்குத் தெரியாது' என்பார். வழக்குகள் கவிழும் இடம் இதுதான். ஆகையால் தொழிலாளி சேர்த்துவைக்க வேண்டிய அத்தாட்சி, தாம் அந்த இடத்தில் வேலை செய்தார் என்பதற்கான அத்தாட்சியே. ஆலை அடையாளச் சீட்டு, வருகைப் பதிவின் நகல், பாங்கிப் புஸ்தகத்தில் வரவான வரி, பிராவிடெண்டு பண்டு எண், நாளைக்குச் சீக்கிரம் வா என்று மேற்பார்வையாளர் கைத் தொலைபேசியில் அனுப்பிய ஒற்றை வரிச் செய்தி ஆகிய இவற்றில் எதுவும் அற்பமல்ல. மேஸ்திரிக்குத் திருப்பிக் கொடுக்கும் பணத்தைக் கையில் கொடாமல் தொலைபேசி வழியாக அனுப்பினால் அதற்கும் சாசுவதமான ஒரு சாட்சி கிடைத்துவிடுகிறது. வெற்று வவுச்சரில் கையெழுத்துப் போடலாகாது. நிர்ப்பந்தத்தால் போட நேர்ந்தால் வாங்கிய தொகையைக் கையெழுத்தின் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

மூன்றாவதாக, எழுத்து மூலம் கேட்க வேண்டும். கோபமொழி வேண்டாம், இந்த மாதத்தில் இத்தனை நாள் வேலை செய்தேன், இவ்வளவு குறைகிறது, கொடுத்துதவ வேண்டும் என்று நான்கு வரி போதும். ரிஜிஸ்தர் தபாலிலோ மின்னஞ்சலிலோ போனால் தேதிக்கு ருசு உண்டு. நேர்மையான முதலாளியாயின், குமாஸ்தாவின் பிழையென்று தெரிந்து, விஷயம் அத்தோடு தீர்ந்துபோகும். அப்படித் தீர்வதும் அபூர்வமல்ல என்பதைச் சொல்லிவைப்பது நியாயம்.

தீராவிட்டால், சர்க்கார் இதற்கென நியமித்துள்ள அதிகாரியிடம் மனுச் செய்ய வேண்டும். பாக்கி விழுந்த தேதியிலிருந்து மூன்று வருஷம் வரை மனுச் செய்யலாம். முன்னிருந்த சட்டங்களில் இந்தத் தவணை ஆறு மாதமும் ஒரு வருஷமுமாய்க் குறுகியிருந்தது. அதிகாரி குறைந்த கூலியைக் கொடுக்கும்படி உத்தரவிடுவதோடு, அதன் மேல் பத்து மடங்கு வரை நஷ்டஈடும் விதிக்கலாம். நாளொன்றுக்கு 40 ரூபாய் குறைந்தால் 26 நாள் கொண்ட மாதத்துக்கு 1,040 ரூபாய். மூன்று வருஷத்துக்கு 37,440 ரூபாய். அதன் பத்து மடங்கு 3,74,400 ரூபாய். முழுதும் விதிப்பார் என்று நாம் சொல்லவில்லை. அது அதிகாரியின் விவேகத்தைப் பொறுத்தது. விதிக்க அதிகாரம் உண்டு என்பதை முதலாளி அறிந்திருப்பதே பாதி வெற்றி. மூன்று மாதத்தில் தீர்ப்புச் சொல்ல முயல வேண்டும் என்பது சட்டத்தின் விருப்பம். உத்தரவுக்குப் பிறகும் பணம் வராவிட்டால், நிலவரி பாக்கியை வசூலிப்பது போல் கலெக்டர் மூலம் வசூலிக்க வழியுண்டு. அப்பீலுக்கு 90 நாள் தவணை. வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று திகைக்க வேண்டாம். ஸ்திரீகளுக்கும், தாழ்த்தப்பட்ட வகுப்பினருக்கும், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் எவ்வளவாயினும் இலவசச் சட்ட உதவி கிடைக்க வேண்டுமென்பது 1987-ம் வருஷத்துச் சட்டம். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டால் வழி சொல்வார்கள்.

கண்டிராக்டர் ஓடிப்போனால்? யாருடைய ஸ்தாபனத்தில் வேலை நடந்ததோ அவர் கொடுத்தாக வேண்டும். அவர் பிறகு கண்டிராக்டரைத் தேடிப் பிடித்துக்கொள்ளட்டும்.

இவ்வளவும் எழுதிய பிறகு, தனியொரு தொழிலாளி இதையெல்லாம் செய்வாரா என்று நமக்கே ஐயம் எழுகிறது. மனுவில் கையெழுத்திட்ட மறுநாள் ஆலை வாயில் அவருக்கு அடைபட்டுவிடும். பெரும்பாலோர் வேலையில் இருக்கும்வரை வாய் திறவாமல், விலகிய பிறகே பழைய பாக்கியைக் கேட்க வருவது இதனால்தான். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது, சாட்சிகள் சிதறிவிடுகின்றனர். இதற்குச் சட்டமே ஒரு பரிகாரம் சொல்லியிருக்கிறது. தொழிலாளி தாமே வரவேண்டியதில்லை. அவர் அங்கம் வகிக்கும் சங்கம் அவருக்காக மனுச் செய்யலாம். எத்தனை பேருக்கானாலும் ஒரே மனுப் போதும். நூறு பேரை ஒரே நாளில் வெளியே தள்ள எந்த முதலாளிக்கும் எளிதில் மனம் வராது, தறி நின்றுவிடும்.

இந்த உரிமை சும்மா கிடைத்ததன்று. 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. ஸ்ரீ வாடியாவும் ஸ்ரீ திரு.வி. கலியாணசுந்தர முதலியாரும் அதனை வளர்த்தனர். 1920-ல் பக்கிங்ஹாம் ஆலை கதவடைத்தபோது, தொழிலாளரை ஒப்பந்தத்தை மீறத் தூண்டினார்களென்று ஸ்ரீ வாடியா முதலிய தலைவர்கள் மேல் கம்பெனியார் சென்னை ஹைக்கோர்ட்டில் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவும் பெற்றனர். தொழிலாளருக்காகப் பேசுவதே குற்றம் என்ற நிலை. அந்த அதிர்ச்சியிலிருந்துதான் 1926-ம் வருஷத்துத் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வித்து விழுந்தது. இப்படிப் பெற்ற உரிமையைச் சந்தா கட்டச் சோம்பி இழப்பவர்களைப் பார்த்தால் நமக்கு வருத்தமாயிருக்கிறது. சங்கத் தலைவர்கள் சிலர் முதலாளியின் காரில் வந்திறங்குவதைப் பார்த்தாலும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

சட்டத்தின் ஒரு பெரிய ஓட்டையையும் மறைக்காமல் சொல்லவேண்டும். கூலியைக் குறைத்துக் கொடுத்த குற்றத்துக்கு முதல் தடவை தண்டனை 50,000 ரூபாய் வரை அபராதம், அவ்வளவே. ஐந்து வருஷத்துக்குள் மறுபடி செய்தால்தான் சிறை, அதுவும் மூன்று மாதம் வரை. அல்லது ஒரு லட்சம் வரை அபராதம். முதல் குற்றத்தை உச்ச அபராதத்தில் பாதியைக் கட்டி ராஜியாக்கிக்கொள்ளவும் இடமுண்டு. நாம் முதலில் சொன்ன ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். 100 பேர், ஆளுக்கு 40 ரூபாய். நாளொன்றுக்கு 4,000 ரூபாய் மிச்சம். ராஜித் தொகை 25,000 ரூபாய். ஆறேகால் நாளில் அது திரும்பி வந்துவிடும். இதைத் தண்டனை என்பதா, லைசென்ஸ் கட்டணம் என்பதா? அற்ப அபராதங்களால் தொழிலாளர் சட்டங்கள் ஒருநாளும் அமலாகமாட்டா என்று 1982-ம் வருஷத்துத் தீர்ப்பிலேயே சுப்ரீம் கோர்ட்டார் மாஜிஸ்டிரேட்டுகளை எச்சரித்திருக்கின்றனர். ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்குப் பின் சட்டம் எழுதியவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டியதாகத் தோன்றவில்லை. எனினும் ராஜியானது அபராதம் மட்டுமே. தொழிலாளியின் பாக்கியும் நஷ்டஈடும் அதனால் தீர்ந்துவிடா. ஆகவே புகார் எழுதுவதோடு நில்லாமல், பாக்கிக்கான மனுவைத் தனியே கொடுப்பதில்தான் பலம் இருக்கிறது.

சிறு முதலாளிகள் நம்மிடம் வந்து குறைப்படுவதுண்டு. நூல் விலை ஏறிவிட்டது, வெளிநாட்டு ஆர்டர் நின்றுவிட்டது, சட்டப்படி கொடுத்தால் தொழிலை மூட வேண்டியதுதான் என்கிறார்கள். அவர்கள் கஷ்டம் பொய்யென்று சொல்லமாட்டோம். ஆனால் நூல் கடைக்காரருக்கு விலையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுத்துவிட்டு வர இவர்களால் முடியுமா? மின்சார பில்லில் குறைக்க முடியுமா? குறைக்க முடிந்த இடம் கூலி ஒன்றே, ஏனென்றால் அங்கேதான் எதிர்த்துக் கேட்பவன் இல்லை. குறைந்தபட்சக் கூலியைக்கூடக் கொடுக்க இயலாத தொழிலுக்கு நிலைத்திருக்க உரிமையில்லை என்று வெகுகாலத்துக்கு முன்பே சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டது. மேலும், முழுக்கூலி கொடுக்கும் அடுத்த தெருப் பட்டறைக்காரர் இவருடைய குறைந்த விலையோடு போட்டியிட முடியாமல் நொடித்துப் போகிறாரே, அவரும் சிறு முதலாளிதானே?

சர்க்கார் செய்யவேண்டிய காரியம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. இன்னின்ன வேலைக்கு இவ்வளவு கூலி, கூலி கொடுக்கும் நாளும் நேரமும் இன்னவை, இன்ஸ்பெக்டரின் பெயரும் விலாசமும் இவை என்று ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் கண்ணில் படும்படி அறிவிப்பு வைக்க வேண்டுமென்று சட்டம் கட்டளையிட்டிருக்கிறது. அதைத் தமிழிலும், வெளியூர்த் தொழிலாளர் உள்ள இடங்களில் ஹிந்தியிலும் ஒரியாவிலும், வாயிலிலேயே எழுதி மாட்டும்படி தொழிலாளர் இலாகா செய்ய வேண்டும். திருப்பூரிலும் திண்டுக்கல்லிலும் ஈரோட்டிலும் உள்ள நம் வாசகர்கள் அடுத்த முறை ஓர் ஆலை வாயிலைக் கடக்கும்போது அந்த அறிவிப்பு இருக்கிறதா என்று சற்று நின்று பார்க்கட்டும். இல்லையென்றால் இலாகாவுக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அதற்குத் தொழிலாளியாக இருக்கவேண்டுமென்ற கட்டாயம் இல்லை.